புல்லின் மேல் உட்காரக் கூடாது

அறுகம்புல்லைச் சித்திரை வெயிலில் ஒட்ட வெட்டினால் வேர் வெந்துவிடும். இது பலருக்குத் தெரியாது. ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். ஆடியில் அப்படி விட்டால் கோரை தலைதூக்கிவிடும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருப்பதை வரும்போது பார்த்தேன், இன்ஸ்பெக்டர். பாதிக்கு மேல் கோரைதான். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

நீங்கள் என்னை உட்காரச் சொன்னது பெரிய மனது. குடிக்க ஒன்றும் வேண்டாம். ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் செக்ரடேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன், நிதானமாகத்தான் சொல்வேன், அடித்துத் திருத்த வேண்டியிராது.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது எங்கள் சொசைட்டிக்கு ஒரு மூலை கிடைத்தது. நாலு பக்கமும் இருபத்துநாலு வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தோட்டம். இருபத்தொன்பதில் குடிவந்தோம். அப்போது அந்த இடத்தைத் தோட்டம் என்று சொன்னவன் யாரும் கண்ணால் பார்த்தவனாக இருக்க முடியாது. ஏரிச் சேறு, கோரை, நத்தை ஓடு, எருமைச் சாணம். மழை பெய்தால் தவளை. அடுத்த வருஷம் பொதுக்குழுவில் என்னைத் தோட்டச் செக்ரட்டரியாகப் போட்டார்கள். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை.

ஆறு வருஷம், இன்ஸ்பெக்டர். நாலு பக்கமும் கல்வாழை, நடுவில் அறுகம்புல், வாசலிலிருந்து செம்மண் பாதை, ஓரத்தில் குரோட்டன்ஸ், மேற்கு மூலையில் ஒரு பூவரசு. தோட்டக்காரன் தங்கவேல் நல்ல கைக்காரன். அவன் வெட்டினால் புல் ஒரே மட்டமாக, விரித்துப்போட்ட பச்சைக் கம்பளமாக இருக்கும். காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு மனத்தில் ஒரு சுத்தம் வரும். கோயிலுக்குப் போனால்கூட அது வராது. அங்கே ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும்.

அந்தத் தோட்டத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பருத்திச் செடியின் தூரில் வெற்றிலைச் சாற்றைத் துப்புவார், பார்த்தால் யாரையோ குத்திப் போட்ட மாதிரி இருக்கும். பதினாலாம் நம்பர் அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து தலை வாரி, விழுந்த முடியைச் சுருட்டிக் குரோட்டன்ஸில் செருகிவிட்டுப் போவாள். ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தி, விரலைப் பூவரசின் பட்டையில் துடைப்பார். பத்து வருஷம் போனாலும் அந்த மரத்தை என்னால் தொட முடியாது. குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தினமும் காலை ஒரு குச்சியும் சிரட்டையும் எடுத்துக்கொண்டு இவற்றையெல்லாம் நானே பொறுக்குவேன். வீட்டுக்கு வந்து கையை மூன்று தரம் தேய்த்துக் கழுவுவேன். அப்படியும் சாப்பிடும்போது ஒரு வாடை வரும்.

இவர்களெல்லாம் அங்கத்தினர்கள். இவர்களைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தேசம்மா அங்கத்தினர் இல்லை.

அவள் சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. புருஷன் கிடையாது, மூன்று பெண்கள். தினமும் தலையில் மீன் கூடையோடு மூன்று மைல் நடந்து எங்கள் பக்கம் வருவாள். எங்கள் சொசைட்டியில் ஏழெட்டு வீடுகளில் மீன் வாங்குவார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விற்று முடித்துவிட்டுத் தோட்டத்துக்குள் வந்து பூவரசு நிழலில், புல்லின் மேல், கூடையை இறக்கி வைத்துக் காலை நீட்டி உட்காருவாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். அது என்ன தண்ணீர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு, இரத்தம், குடல் கழிவு. அது விழுந்த இடத்தில் புல் மஞ்சளாகி, ஒரு வாரத்தில் செத்துப்போகும். ஈ வரும். கல்வாழைக்கு அடியில் படுக்கும் ஒரு சொறிநாய்க்கு அவள் மீன் தலை போடுவாள். அது அங்கேயே தின்று அங்கேயே வாந்தியெடுக்கும்.

ஒருநாள் குளிக்கப் போகும்போது என் குதிகாலில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காய்ந்து, தோலோடு தோலாக, நகம் மாதிரி. அதோடு நான் பூஜை அறைக்குள் போய் வந்திருக்கிறேன். அன்று சாப்பிடவில்லை. நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குப் புரிகிறது.

நான் அவளிடம் நேரில் பேசுவதில்லை. தங்கவேலுவிடம் சொல்லி விரட்டச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பாவம் எசமான், அம்மாந்தொலைவு நடந்து வருது. நெழல்ல சித்த நேரம் குந்திக்கினு போவட்டுமே" என்றான்.

அவள் பத்தடி தள்ளி உட்கார்ந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா சாமி, நான் குந்தினா புல்லுக்கு நோவுமா? மாடு துன்ற புல்லுதானே" என்றாள். துடுக்கு இல்லை, உண்மையிலேயே கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

பலகை எழுதி வைத்தேன். 'புல்லின் மேல் உட்காரக் கூடாது.' நல்ல பெயின்டரைக் கொண்டு, வெள்ளையில் கறுப்பாக. அவள் அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு தங்கவேலுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எனுக்குத் தெரியாத எழுத்துல எழுதி வச்சா நான் எப்பிடி அண்ணே எந்திரிக்கிறது?" பெஞ்சில் இருந்த ஜட்ஜும் சிரித்தார். வாய் நிறைய வெற்றிலையோடு.

இந்த வருஷம் மாசியில் நாய் செத்துப்போயிற்று. கோரைக்கு அடிக்கிற மருந்து ஒரு டின் தங்கவேலுவின் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கும். சாவி அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. தயிர்சாதத்தில் கொஞ்சம் கலந்து வைத்தேன். அது இரவெல்லாம் கத்தியதாக வீட்டில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

என் மனைவி விசாலாக்ஷி இளகின மனசுக்காரி. சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தாள். "ஏன்னா, வெயில் இப்படிக் கொளுத்தறதே, போறவா வர்றவாளுக்கு ஒரு வாய் தண்ணி கெடைக்க மாட்டேங்கறது. நம்மாத்துப் பெரிய பானை சும்மாத்தானே கெடக்கு. தோட்டத்து வாசல்ல ஒரு தண்ணிப் பந்தல் போட்டா என்ன?"

நான் கூடாது என்றேன். அவள் மற்ற வீட்டுப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டாள். குழு கூடியது. இருபத்துநாலு வீட்டில் என் பக்கம் மூன்று பேர். என் தோட்டத்தின் வாசலில், என் வீட்டுப் பானை, கீற்றுப் பந்தலின் கீழே மணல் பரப்பி, மேலே வெட்டிவேர் போட்டு. யாரும் பானையைத் தொடாமலிருக்கத் தங்கவேல் செம்பில் மொண்டு கையில் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு.

பிறகு யார்தான் வரவில்லை. வண்டிக்காரர்கள், கூலிகள், குறத்திகள். குடித்துவிட்டு வாய் கொப்பளித்துப் பாதையில் உமிழ்வார்கள். முகம் கழுவுவார்கள். சளியைக் காறிக் கல்வாழையில் துப்புவார்கள். செம்மண் பாதை சேறாகி, சேறு புல்லுக்குப் பரவி, ஏரி திரும்பி வருகிற மாதிரி இருந்தது. ஆறு வருஷத்து உழைப்பு பதினெட்டு நாளில் போயிற்று. நான் குழுவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எனக்கு அந்தப் பானை போக வேண்டும், அவ்வளவுதான். உடைத்தால் வேறு பானை வைப்பார்கள். நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கினால் தண்ணீரில் தோஷம் என்று அவர்களே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"நாய்க்கு எவ்வளவு போட்டீங்க, இதுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நாய்க்குப் போட்டதைவிடப் பல மடங்கு. பானை பெரியது.

வைகாசி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குத் தங்கவேலுவைச் சைதாப்பேட்டைக்கு எருவுக்கு அனுப்பினேன். பிறகு பந்தலுக்குப் போனேன். வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. டின்னைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு, பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பதினொன்றரைக்கு எழுந்து சாப்பிடப் போனேன். தங்கவேல் பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து, ஜட்கா வண்டிக்காரன் பீர் முஹம்மதுவுக்கு ஊற்றியிருக்கிறான். அவன் பாதி குடித்துவிட்டு, ஒரு மாதிரி இருக்கிறதென்று துப்பிவிட்டானாம். அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து பிழைத்தான். தேசம்மா தேனாம்பேட்டை வரை நடந்திருக்கிறாள். ரோட்டோரத்தில் விழுந்தவளை அவள் தம்பி மிக்கேல் வந்து தூக்கிப்போனான். மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

பீர் முஹம்மது, ஊற்றியவன் தோட்டக்காரன் என்று சொன்னான். டின் அவன் கொட்டகையில் இருந்தது. நீங்கள் தங்கவேலுவைக் கொண்டுபோனீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தோட்டம் எப்படி இருந்தது தெரியுமா? பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பயத்தில் ஒரு குழந்தையைக்கூட யாரும் வெளியே விடவில்லை. காலையில் போனால் புல்லில் ஒரு காலடி இருக்காது. ஒரு எச்சில் இருக்காது. அப்படியே ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருப்பேன். தேசம்மாவின் மூத்த பெண் இப்போது அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். உள்ளே நுழைவதில்லை, வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிறாள். நல்ல பழக்கம்.

வீட்டில் மட்டும் கொஞ்சம் சங்கடம். விசாலாக்ஷி ஒருநாள் இலை போட்டுவிட்டுப் பரிமாறாமல் நின்றாள். "அன்னிக்குத் தங்கவேலுவை எருவுக்கு அனுப்பினேளே. எருதான் மொத நாளே வந்து எறங்கியாச்சே" என்றாள். இன்னும் தேவைப்பட்டது என்றேன். அவள் என் கையையே பார்த்தாள். சாதத்தைப் போடாமல் உள்ளே போய், ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் தம்பியாத்துக்குப் போய்விட்டாள். அதற்குப்பின் வரவில்லை. போகும்போது அவள் வாந்தியெடுத்த சத்தம் கொல்லையில் கேட்டது. நான்தான் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாக வந்திருக்கிறேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரு நிரபராதி உள்ளே இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சென்ற வாரம் இரண்டு கோடை மழை பெய்தது. புதிதாக வந்திருக்கும் ஆள் அரிவாளால் கொத்துகிறான், இன்ஸ்பெக்டர். திட்டுத் திட்டாக, குஷ்டம் பிடித்த தோல் மாதிரி இருக்கிறது. கோரை வர ஆரம்பித்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் தங்கவேல் கை பட்டால்தான் உண்டு. அவனை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அவன் பெண்டாட்டி கொட்டகை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பார்க்க நன்றாக இல்லை.

"தங்கவேல் வர்றதுக்கு முன்னாலயே அந்தம்மா குடிச்சிருக்கா. பானையைத் தொடக் கூடாதுன்னு ஏற்பாடு. அப்ப யாரு ஊத்தினது?" என்று கேட்கிறீர்கள். இன்ஸ்பெக்டர் அப்துல் வஹீத் கெட்டிக்காரர் என்று உங்களைப் பற்றிச் சொன்னார்கள், சரிதான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதினொரு மணிக்கு வந்தாள். கூடையைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டில் இறக்கினாள். உள்ளே வந்தவள் புல்லில் கால் வைக்காமல் பாதையிலேயே நின்றாள்.

"கூடைய வெளியவே வச்சிட்டேன் சாமி, தண்ணி சொட்டும்னு" என்றாள். "தங்கவேலு அண்ணன் இல்லியா? தொண்ட காஞ்சி கீது. நான் பானைய தொட மாட்டேன். ஆராச்சும் ஊத்தினா குடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

அக்கம்பக்கம் யாரும் இல்லை. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். ஆறு வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் போனதில்லை. வாடை அடித்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து வாயோரம் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் வெட்டுக்காயம். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முழம் மேலேயிருந்து செம்பைச் சாய்த்தேன். குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாதா ஒன்ன நல்லா வப்பா சாமி. ஒன்னப் போயி நான் கெட்டவன்னு நெனச்சிக்கினு இருந்தேனே."

அந்த இருபத்துநாலு வீட்டில் ஒருவர்கூட என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குடி அம்மா என்று சொல்லி, இன்னொரு செம்பு ஊற்றினேன்.