பக்கத்துக் குழாய்

விளக்கை அணைக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது... என் சிநேகிதியின் தாய்மாமாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. கம்பெனிகள் மட்டுமே இருக்கும் நீளமான சாலை. லீவு நாளில் அங்கே ஒரு நாய்கூடக் கிடையாது. தார் இளகும் வாசனை. மாமா பிளம்பர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசிக் கட்டடத்துக்குள் போனார்.

வாட்ச்மேன் சாவியை மட்டும் நீட்டினார். கூட வரவில்லை.

"மூணாவது மாடிங்க. வெள்ளிக்கிழமை பூட்டுன கக்கூஸ். ஆனா தண்ணி ஊத்துற சத்தம் நிக்கவே இல்ல."

"சென்சார் கோளாறா இருக்கும்."

"இருந்தா சரி. இல்லேன்னா பேய்க்கு வயித்தால போகுதுன்னு அர்த்தம்."

மாமா சிரிக்கவில்லை. கோளாறாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே படியேறினார்.

அது தண்ணீரை மிச்சம் பிடிக்கும் புதுமாதிரி கக்கூஸ். ஃப்ளஷ் தொட்டியின் மேலேயே கை கழுவும் கிண்ணம். கையைக் காட்டினால் குழாய் திறக்கும். கழுவிய தண்ணீர் தொட்டியில் இறங்கும். கையை எடுத்ததும் அதே தண்ணீர் தானாகக் கக்கூஸ் கோப்பையில் பாயும். யாரும் கை கழுவாமல் அது ஒரு சொட்டும் ஊற்றாது.

அதைப் பொருத்தியவன் மாமாவின் கூட்டாளி. பதினோரு வருஷம் ஒரே ஏணியில் ஏறியவர்கள். கட்டிங் மெஷின் அவனுடைய ஆள்காட்டி விரலில் பாதியைத் தின்றிருந்தது. மொட்டைவிரல் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையின் கடைசி நாள் ஏணி சரிந்து விழுந்தான். கம்பெனிக்காரர்கள் கேட்டபோது மாமா, "அவன் நம்ம ஆளு இல்லைங்க" என்றார். வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி போன் செய்தாள்.

"மச்சான் வந்தானா, மச்சான் வந்தானான்னு உங்களையேதான் கேக்குறாரு. இப்படிக் கை கழுவிட்டீங்களேண்ணே."

மாமா போகவில்லை. மூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

கதவைத் திறந்தார். தரை காய்ந்து கிடந்தது. ஆனால் குழாய் ஒட்டும் பசையின் நெடி... இப்போதுதான் யாரோ தடவியதுபோல் மூக்கில் ஏறியது. ஒட்டி மூன்று வாரம் ஆயிற்று.

மாமா கையை நீட்டினார். குழாய் திறக்கவில்லை. சென்சாரைத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். திருப்பிக் காட்டினார். ஒன்றுமில்லை.

அப்பாடா. கோளாறுதான்.

ஸ்குரூடிரைவரை எடுக்கப் பையை நோக்கிக் குனிந்தார்.

டிக்.

தண்ணீர் வந்தது. நேராக விழவில்லை... நடுவிலேயே எதிலோ பட்டுப் பிரிந்தது. விரல் விரலாக வழிந்தது. கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல்... ஆள்காட்டி விரலின் இடத்தில் மட்டும் பாதியிலேயே சொட்டியது.

மெதுவாக, தேய்த்துத் தேய்த்து, அந்தக் கை கழுவிக்கொண்டது. தண்ணீர் நின்றது. தொட்டிக்குள் களக் என்று ஒரு சத்தம். பிறகு கோப்பையில் பாய்ந்தது.

பையை அங்கேயே போட்டுவிட்டு வந்தவர்தான். வேறு ஆளை வைத்துச் சென்சாரை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அங்கே ஒரு தொந்தரவும் இல்லையாம்.

மாமாவுக்குத்தான்... ஆஸ்பத்திரியோ ரயில் நிலையமோ, எங்கே போனாலும் அந்த மாதிரிக் குழாய் எதுவும் அவர் கைக்குத் திறப்பதில்லை. வெறும் கையை நீட்டியபடி நிற்பார்.

கொஞ்ச நேரத்தில், ஆளில்லாத பக்கத்துக் குழாய் திறக்கும்.