வேறை விற்மோர்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்பர் யசீகரன் அவர்களே, மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தை நிறைத்திருக்கும் மூத்தோரே, வடை பொரித்த கை காயுமுன் வந்தமர்ந்த தாய்மாரே, விற்மோர் பாதிரியாரின் வம்ச வரலாற்றை நூலாக்கி இன்று வெளியிடும் மேர்வின் விற்மோர் அவர்களே, அவர் மகன் ஜூலியனே, என் மகள் ஜனுஷாவே! பற்றிக் விற்மோரின் வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள், வந்திருக்கிறேன். வாழ்த்துமுன் ஒரு வினா. என்னை ஏன் அழைத்தார்கள்?

இருபது ஆண்டுகளாக, பக்கத்து மவுண்ட் ஆல்பர்ட்டில் மேர்வின் வீட்டு விருந்துகளில், "நீங்கள் இரண்டு பேரும் சொந்தமோ?" என்று யாரும் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "சீச்சீ, பற்றிக் வேறை விற்மோர்." தட்டேந்தி நின்ற என் வாயில் சோறு கசக்கும். அப்படிப்பட்டவர் இந்நூலில் என் மூதாதையையும் தம் மூதாதையையும், அமெரிக்கப் பாதிரியார் தத்தெடுத்த அண்ணன் தம்பி ஆக்கியிருக்கிறார்! எங்கிருந்து ஊறியது இந்தக் கருணை? இது கல்லில் கசிந்த தேனா? கைவிலங்கில் பூசிய பொன்னா?

என்ன ராசமணியக்கா? "தாற பெருமையை வாங்கன் தம்பி" என்கிறீர்களா? ஓம் அக்கா, ஆசைதான். விலை தெரிய வேண்டாமா?

போன நத்தார்ப் பண்டிகைக்கு, ஜூலியனும் ஜனுஷாவும் மணம் முடிக்க விரும்புவதாகச் சொன்னார்கள். போன கிழமை என் மகள் அழுதபடி வந்தாள். "அப்பா, ஜூலியன்ர டாட் சொல்லுறார், நாங்க பிரதர் அண்ட் சிஸ்டராம். புக்கில இருக்காம். சீரியஸா?"

அண்ணன் வழி, தம்பி வழி என்றால் நம் முறையில் பங்காளிகள். கலியாணம் கிடையாது. கண்டீர்களா சபையோரே? "மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவர், முன்னோரை எழுப்பி வாசலில் காவல் வைக்கிறார்!

அந்தப் பாதிரியார் யார்? அமெரிக்காவின் வெர்மாண்டில் பிறந்தார், அங்கேயே பிரசங்கித்தார், அங்கேயே அடங்கினார். நூலே சொல்கிறது. கப்பலே ஏறாதவர் யாழ்ப்பாணத்தில் யாரைத் தத்தெடுத்தார்? அக்கால வழக்கம் பெரியோர் அறிவீர்கள்: மிஷன் விடுதிப் பிள்ளை ஒன்றின் படிப்புக்கு அமெரிக்காவில் ஒருவர் உதவினால், உதவியவர் பெயரையே பிள்ளைக்குச் சூட்டுவார்கள். பாதிரியார் அப்படி உதவிய இருவரில், மேர்வினுடைய மூதாதை மானிப்பாய்ப் பிள்ளை. என்னுடையவர் காரைநகர்ப் பிள்ளை. தாய் வேறு, தந்தை வேறு, ஊர் வேறு. கடல் கடந்து பெயர் வந்தது, இரத்தம் வரவில்லை!

"சபையில வைச்சு என்ன கதை இது, பற்றிக்?" என்கிறார் மேர்வின். சபையில் வெளியிட்டதைச் சபையில்தானே கேட்க வேண்டும், ஐயா!

எனக்கும் வலிக்கிறது. "பாதிரியார் வழி" என்று ஒருநாளாவது அழைக்கமாட்டார்களா எனக் காத்துக் கிடந்தவன் நான். இன்று அச்சில் கிடைத்தது. இதோ, திருப்பித் தருகிறேன். என் மகளின் கண்ணீரைவிட எந்தப் பாதிரியாரும் எனக்குப் பெரியவரல்லர்!

மேர்வின் அவர்களே, எழுந்து வாருங்கள். இந்த ஒலிவாங்கி உங்களுக்கு. என்னைக் குத்திய அதே சொல்லை, இச்சபை கேட்க, ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "பற்றிக் வேறை விற்மோர்." இருபது ஆண்டு கசந்த சொல், இன்று என் பிள்ளைக்கு மணவாழ்த்து.

செவி கொடுத்த சபைக்கு நன்றி. வடை பொரித்த கைகளுக்கும் நன்றி. வணக்கம், சம்பந்தி!