ரேடியோக்காரி சாகக் கூடாது

உங்கள் சட்டைக் காலரைத் தேய்த்தவர் அவசரக்காரர் போலிருக்கிறது, சார். காலரை நுனியிலிருந்து நடுப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். மாற்றி ஓட்டினால் துணி முனையில் போய்ச் சேர்ந்து இப்படிச் சுருங்கி நிற்கும். குறையாகச் சொல்லவில்லை. சலவைக் கடையில் வளர்ந்தவள் நான், யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலருக்குத்தான் போகும்.

தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவன் மெஷினைப் பார்த்துக்கொள்வான், நான் தேய்ப்பேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கடை உண்டு, நாங்கள் உண்டு என்று இருந்தோம். கூடப் பிறந்தவர்கள் என்றால் கீரியும் பாம்புமாக இருப்பார்கள் என்பார்கள். நாங்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. கதைக்காகப் போட்டதைத் தவிர.

கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தொடர் வந்தது. வாராவாரம் ஒரு ராட்சத ஜந்து கப்பலை விழுங்க வரும். சுறாமீனை நூல் கட்டி இழுத்தது அப்பட்டமாகத் தெரியும். நூலை முதலில் கண்டுபிடித்தவன் தம்பிதான். "அக்கா, நூலப் பாக்காத, சுறாவப் பாரு" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பியவனும் அவன்தான்.

அவனுக்குக் கேப்டன் என்றால் உயிர். எனக்கு ரேடியோக்காரி. அவள் ஒரு மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு பகுதியில் இரண்டு வசனம் கிடைத்தால் அவளுக்கு அன்றைக்கு யோகம். "ஏதோ கேக்குது கேப்டன்" என்பாள், உடனே கப்பல் திரும்பும். அவள் சொல்லித்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள் என்று அந்தத் தொடரில் ஒருவன்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கப்பல் கடலுக்கடியிலேயே நின்றுபோனது. அதை அப்படியே விட எங்களுக்கு மனசு வரவில்லை, மீதியை நாங்கள் எழுத ஆரம்பித்தோம். இதற்கு ஃபேன் ஃபிக்ஷன் என்று பெயர், உலகம் முழுக்க எங்களைப் போன்ற பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு அதிலேயே ஒரு தளத்தில் போட்டோம். எங்கள் கதைக்கென்று வாசகர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே வந்து கப்பலில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் கேட்பார். தம்பி அவருக்கு 'ஆக்ஸிஜன் மாமா' என்று பெயர் வைத்திருந்தான்.

ஒரு அத்தியாயம் அவன், அடுத்தது நான். அவன் எழுதியதில் நான் கை வைக்க மாட்டேன், நான் எழுதியதில் அவன் கை வைக்க மாட்டான். ஒருவர் சாகடித்த ஆளை மற்றவர் எழுப்பிக்கொண்டு வரக் கூடாது. அதைவிட முக்கியமான கட்டுப்பாடு ஒன்று இருந்தது. நடித்துப் பார்க்காமல் எந்தச் சண்டையையும் எழுதக் கூடாது. தம்பி இதில் ரொம்பக் கண்டிப்பு. "பொய்யா அடிச்சா படிக்கிறவனுக்கு வலிக்காதுக்கா" என்பான்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்கட்டில் நடித்துப் பார்ப்போம். ஹேங்கர் கம்பியைக் கழுத்தில் போட்டு இறுக்கினால் முதலில் முகம் சிவக்கும், பிறகுதான் உதடு நீலமாகும். ஒருமுறை நான் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டேன். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கால் தானா உதைக்குதுக்கா, அதை எழுது" என்றான். ஊறவைக்கிற தொட்டியில் தலையை அமுக்கினால் ஆள் முதலில் அமுக்குகிற கையைத்தான் தேடுவான், காற்றை இல்லை. இதெல்லாம் எங்கள் கதையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

எதிர்க்கடை டெய்லர் அண்ணன் முதல் தடவை அலறல் கேட்டுக் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். தரையில் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்த தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அண்ணே, நான் செத்துட்டேன், சாயங்காலம் வாங்க" என்றான். அதற்குப் பிறகு அவர் எந்தச் சத்தத்துக்கும் வந்ததில்லை. அவரைப் பிடித்து விசாரித்ததாகச் சொன்னார்கள். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய ஊரிலேயே கடை வைப்பதாகப் பேச்சு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு நான் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, கதைய முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"எப்படி முடிப்ப?"

"ரேடியோக்காரி செத்துடுவா. கப்பல் கரைக்கு வந்துடும். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அவ ஏன்டா சாகணும்? சமையல்காரன் இருக்கான்ல, அவன் வைக்கிற குழம்புக்கே அவனைத் தூக்குல போடலாம்."

சிரித்தான். "இல்லக்கா. அவ இருந்தா கேப்டன் கரையில இறங்கவே மாட்டான். ஏதோ கேக்குது, ஏதோ கேக்குதுன்னு மறுபடி கீழ இழுத்துட்டுப் போயிடுவா. இத்தனை வருஷமா அதைத்தானே பண்றா?"

"நான் வேணா தனியா எழுதிக்கிறேன். அவளை விட்டுடு."

"நீ மட்டும் தனியா உக்காந்து எழுதிட்டிருப்பியா? அது பாவம்க்கா. முடிச்சிடுவோம். இது என் முறைதானே?"

அவன் முறைதான். நான் மறுக்கவில்லை.

அவன் எழுதியதை அழித்திருக்கலாமே என்று காலையில் கேட்டீர்கள். எப்படி சார் அழிப்பது? அவன் எழுதியதில் நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே. அத்தனை வருஷத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை. அவளை மறுபடி எழுப்பவும் முடியாது. அப்படியென்றால் அவன் எழுதுவதற்கு முன்பே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொருவரைத் தடுப்பதைச் சட்டமே தப்பென்று சொல்வதில்லை. யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இருக்கவில்லை.

"எப்படிச் சாகிறா?" என்று கேட்டேன்.

"எதிரி ஒருத்தன் பின்னாடி வந்து ஸ்பேனரால மண்டையில போடுறான். ஹெட்ஃபோன் மாட்டியிருக்கா, அவன் வர்றது கேக்கல. எல்லாத்தையும் கேட்டவளுக்கு அது மட்டும் கேக்கல. எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. அவன் என்னைவிட நன்றாக எழுதுவான்.

"நடிச்சுப் பாத்துடலாம். நீ ரேடியோக்காரியா உக்காரு" என்றேன்.

"ஐயோ, நான் பொம்பளை வேஷமா?" என்றபடியே முக்காலியை இழுத்துப் போட்டுத் தேய்ப்பு மேசையைப் பார்த்து உட்கார்ந்தான். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டான். "ஏதோ கேக்குது கேப்டன்" என்று என் குரலை நக்கல் செய்தான்.

ஸ்பேனர் இல்லை, அதனால் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். கடைகளில் வைத்திருக்கும் கனமான பெட்டி அது. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுகிறவரை அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தேன். அவனுக்குச் சுட்டுவிடக் கூடாது.

முதல் அடி சரியாக விழவில்லை. காதுக்குப் பின்னால் சறுக்கித் தோளில் இறங்கிவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். கழுத்து வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நெஜமாவே பட்டுடுச்சு" என்றான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. "பரவால்லக்கா, பயப்படாத. தெரியாமத்தானே" என்று என்னைத் தேற்றினான். அவ்வளவு நல்ல பிள்ளை.

இரண்டாவது அடியை நெற்றியில் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் நாங்கள் இதுவரை எழுதிய மாதிரி இல்லை, ஈரமாக இருந்தது. முக்காலியோடு விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த துணிகளைப் பிடித்தான், கம்பியோடு எல்லாம் அவன் மேலேயே சரிந்தன. ஒரு கல்யாணக் கோட்டும் அதில் போனது, அதன் சொந்தக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். துணிக்கு மேலேயே அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. கால் தானாக உதைத்தது. அவன் சொன்னது சரிதான்.

அப்போது கடை வாசலில் "அண்ணி" என்று குரல் கேட்டது. மருந்துக்கடைப் பெண் தன் வெள்ளைக் கோட்டை வாங்கிப் போக வந்திருந்தாள். நான் மேல் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, பின்கட்டுத் திரையை இழுத்து மூடிவிட்டு முன்னால் வந்தேன்.

"அவரு இல்லையா அண்ணி?"

"வெளிய போயிருக்கான்மா. மத்தியானமே ஓடிட்டான்."

"நாளைக்கு என் கண்ணுல படட்டும், காதைத் திருகிடுறேன்." சிரித்தவள், திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உள்ள என்ன சத்தம்? யாரோ குறட்டை விடுற மாதிரி."

"மெஷின்மா. பழசாயிடுச்சு."

கோட்டில் காலர் கொஞ்சம் மடங்கியிருந்தது. அவளை நிற்க வைத்து, முன்பக்க மேசையில் இருந்த சின்னப் பெட்டியால் அதைச் சரி செய்து கொடுத்தேன். அவள் முதலுதவி படித்தவள், அப்போது உள்ளே போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். அவள் போன பிறகு கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

நான் துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தியாயத்தை எழுதினேன். அதைத் தளத்தில் போட்டுவிட்டுத்தான் டெய்லர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் திரையை விலக்கிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, போதும்ப்பா, எந்திரி. அக்கா பயப்படுதுல்ல?" என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகுதான் அவர் காலில் ஈரம் பட்டது.

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆமாம், அதில் ரேடியோக்காரி செத்துவிடுகிறாள். பின்னாலிருந்து வந்து மண்டையில் அடிக்கிறார்கள். அவன் முறைக்கு நான் என் இஷ்டத்துக்கு எழுத முடியுமா? அவன் எப்படி நினைத்திருந்தானோ அப்படியே எழுதினேன், அவன் பெயரிலேயே போட்டேன். ஆக்ஸிஜன் மாமாவே இந்தத் தடவை கணக்குக் கேட்கவில்லை, படிக்கும்போது வலித்தது என்று எழுதியிருந்தார்.

ரேடியோக்காரியைக் காப்பாற்றத்தான் என்று சொன்னேனே, அவளும்தானே செத்தாள் என்று கேட்கிறீர்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அவன் கையால் எழுதியிருந்தால் கப்பல் கரைக்கு வந்திருக்கும் சார். கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் இறங்கிப் போயிருப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை. கேப்டன் உள்ளேதான் இருக்கிறான். எங்கேயும் போகவில்லை.