வயலுக்குள் வந்த கடல்

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். கும்பகோணத்திலிருந்து குத்தாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு குரல் வெடித்தது.

"எங்க வயல்ல கடல் இருந்துச்சுன்னு சொல்ல நீ யாருய்யா?"

கேட்டவர் ஒரு மிராசுதார். பக்கத்தில் இருந்தவர் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். அவர் மடியில் நத்தை மாதிரி சுருண்ட ஒரு கல் இருந்தது.

"அரியலூர்ப் பக்கம் கெடைச்சதுங்க. மனுஷன் பொறக்கறதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முந்தி, கடல் பிராணி செத்துக் கல்லாப் போயிருக்கு. பசங்களுக்கு அதத்தான் காட்டினேன்."

"நல்லா காட்டின! நேத்து என் பண்ணையாளு களத்துல நின்னுக்கிட்டு, 'ஆதியில இது கடலாம், யாரு நிலமும் இல்லையாமே, எம் மவன் சொன்னான்'ங்கறான். எந்தக் கட்சிக்காரன்யா உங்கிட்ட இதைக் குடுத்தான்?"

"கட்சியெல்லாம் இல்லைங்க. இது வெறும் கல்லு."

"அரியலூர்ல கடல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம ஊரு ஆதியிலேருந்தே வயல்தான்னு திங்கக்கெழமை பசங்ககிட்ட சொல்ற. இல்லேன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்."

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கல்லை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"சொல்லிடறேங்க. ஆதியிலேருந்தே வயல்னா, ஆதியிலேருந்து நாத்து நட்டது யாருன்னு பசங்க கேப்பாங்க. அவங்க அப்பா அம்மா பேரைச் சொல்லிடட்டுங்களா?"