ஏச்சு வாங்கின நாள்

வட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு சமூக சேவைப் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். இளையவள் அமர்ந்ததுமே சொன்னாள்:

"அக்கா, அவ இண்டைக்கு என்னை நல்லா ஏசிப்போட்டா!"

"ஆர்? புருசனைக் கடலிலை பறிகுடுத்த மனுசியோ? ஒரு மாசமா வாயே திறக்கேல்லையே!"

"ஓம், அவவேதான். ஒவ்வொரு நாளும் போய்ப் பக்கத்திலை சும்மா இருப்பன். இண்டைக்கு அவவின்ரை மகளுக்குத் தலை பின்னிவிட்டன். 'இப்பிடியோ இழுக்கிறது? பிள்ளைக்கு நோகுமெல்லே!' எண்டு கத்தினா!"

"கடவுளே! பிறகு?"

"பிள்ளையை மடியிலை இழுத்து வைச்சுத் தானே பின்னிவிட்டா. நான் வெளிக்கிட, 'நாளைக்கும் வருவீரோ?' எண்டு கேட்டா, அக்கா!"

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓமெண்டு தலையை ஆட்டிப்போட்டு ஓடி வந்திட்டன்."