காட்டுப் பூங்காவில் அம்புப் பலகை திரும்பிய விதம்

என் பெயரையும் முகவரியையும் எழுத்தர் ஐயா முதல் தாளில் குறித்துக்கொண்டுவிட்டார். வயது முப்பத்தெட்டு. பெரிய மருத்துவமனை ஒன்றில் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறேன். கணவர் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மேற்படி முகவரியில் மாடியில் நாங்களும் கீழே என் அப்பாவும் குடியிருக்கிறோம். அம்மா காலமாகிவிட்டார். யாரும் மிரட்டாமலும் தூண்டாமலும் நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி விட்டால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட வண்டியைத் தடம் மாற்றி ஓட்டியதில்லை. சாலையோரத்தில் ஒரு பலகை நட்டிருந்தால் அவருக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஈ காக்கை இல்லாத தெருவாக இருந்தாலும் ஒரு வழிப் பாதை என்று எழுதியிருந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். ஏன்ப்பா இப்படி உயிரை வாங்குறீங்க என்று கேட்டால், "பலகை வச்சவன் நம்மளவிட யோசிச்சுதாம்மா வச்சிருப்பான்" என்பார். சென்ற மழைக்காலத்தில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து தினமும் கொஞ்சம் நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்து என் அண்ணன், கார் விற்கும் கடையில் மேலாளர். அவருக்கும் என் கணவருக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். மாமன் மச்சான் என்றால் கேலி இருக்கத்தான் செய்யும், ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் அது இல்லாவிட்டால் சோறு இறங்காது. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைப்பது, செருப்பை அலமாரி மேல் தூக்கி வைப்பது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானும் அண்ணியும் அலுத்துப்போய் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு நடக்கப் போகலாம் என்று அண்ணன் ஏற்பாடு செய்தார். நான் இரவு முழுக்க இரத்தக் கறை படிந்த விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்துவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை என்றால் அப்பா முகம் வாடிவிடும் என்பதால் கிளம்பினேன். அண்ணன், அண்ணி, அப்பா, என் கணவர், மகள், நான் என ஆறு பேரும் அண்ணனின் காரிலேயே நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

மேற்படி பூங்காவில் வாசலிலிருந்து பாதை புல்வெளி வழியாகப் போய், காடு தொடங்கும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தடியில் மேஜை பெஞ்சு போட்டிருக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். தள்ளுவண்டியில் கைக்குழந்தையைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவு சுலபம். இடது பக்கம் போனால் காட்டுக்குள் இறங்கி ஓடை வரை போகிற நீளமான பாதை. பிரியும் இடத்தில் மரக் கம்பம் ஒன்றில் 'புல்வெளிச் சுற்று' என்று எழுதிய அம்புப் பலகையை ஒற்றை போல்ட்டில் முடுக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் இருந்த வாட்ச்மேன் அப்பாவின் நடையைப் பார்த்துவிட்டு, "வலது பக்கமே போங்க பெரியவரே, காட்டுக்குள்ள மழைக்கு வழுக்குது" என்று சொன்னார். அதை நான் என் காதால் கேட்டேன்.

அதன் பிறகு கணவரும் மகளும் முன்னால் நடக்க, நான் அவர்கள் பின்னால் போனேன். மகள் புல்லில் கிடந்த காய்களையெல்லாம் பொறுக்கி என் பைக்குள் போட்டபடி வந்தாள். அண்ணன், அண்ணி, அப்பா மூன்று பேரும் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். காரிலிருந்தே அண்ணன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் திசை தப்பமாட்டேன் என்று அளந்துகொண்டு வந்திருந்தார். கம்பத்தருகே வந்ததும் என் கணவர் சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டைத் தளர்த்தி, அம்பை இடது பக்கம் திருப்பி வைத்து மறுபடி முடுக்கினார். "இன்னிக்கு மச்சானோட திசை ஞானத்தைப் பார்த்துடுவோம்" என்றார். என் மகள், "அப்பா, தப்பு" என்றாள். நான், "விட்டுத் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதைத் திருப்பி வைக்கச் சொல்ல எனக்கு அப்போது தெம்பு இல்லை. நிற்காமல் போனால் சீக்கிரம் உட்காரலாம் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அண்ணன் இடது பக்கம் இரண்டு எட்டு வைத்ததும் கத்திக் கூப்பிட்டுச் சிரிப்பதுதான் கணவரின் திட்டம். அதற்காக எங்களையும் இழுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் ஒளிந்தார். அதற்குள் மகள் ஒன்றுக்கு வருகிறது என்று குதிக்க ஆரம்பித்துவிட்டாள். கழிப்பறை மேஜைகள் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு கணவர் ஓட, நான் பின்னாலேயே போனேன். அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் செருகிவிட்டது. பலகையை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

பின்னால் நடந்ததை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணனுக்குக் கார் வாங்குகிறவரிடமிருந்து போன் வந்திருக்கிறது. அவர் புல்வெளியில் நின்று பேச, அண்ணி பூவைப் படமெடுக்க, நின்றால் கால் மரத்துப்போகிறது என்று அப்பா தனியாக முன்னால் நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் கம்பத்தைக் கடந்து சரியாக வலது பக்கம்தான் வந்தார்கள். போனில் பேசிக்கொண்டே வந்த அண்ணன் அந்தப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பலகையைப் பார்த்து நடக்கிற ஒரே ஆள் அப்பாதான்.

அப்பா எங்களோடு இருப்பதாக அண்ணனும், அண்ணனோடு வருவதாக நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்து சேர்ந்ததும் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்து, அப்பா எங்கே என்று நான் கேட்டபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் கணவர் கம்பத்தைப் பார்த்து ஓடினார். நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பலகையைப் பழையபடி வலது பக்கம் திருப்பி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு இருவரும் காட்டுக்குள் இறங்கிக் கத்திக் கத்தித் தேடினோம். உள்ளே பாதை இன்னும் பல கிளைகளாகப் பிரிந்தது, அங்கெல்லாம் எந்தப் பலகையும் இல்லை.

அண்ணன் போய்ச் சொன்னதும் தேட வந்த வாட்ச்மேன், பூங்கா மூடிய பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. அவர்தான் இருட்டும் நேரத்தில் டார்ச் லைட்டோடு ஓடைக்குள் இறங்கி அப்பாவைக் கண்டுபிடித்தார். அப்பா மரப்பாலத்தில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்து, நனைந்த சட்டையோடு கரையில் சாய்ந்து கிடந்தார். வாட்ச்மேன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டு, புல் அள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா எங்களைப் பார்த்ததும் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை. "அம்பு இடது பக்கம்தாம்மா காட்டுச்சு" என்றார்.

அண்ணன் உடனே எல்லோரையும் கம்பத்துக்குக் கூட்டிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தார். அம்பு வலது பக்கம் காட்டியது. வாட்ச்மேன், "பெரியவருக்கு நெனப்புத் தப்பியிருக்கும் சார்" என்றார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து, "இப்ப நீதான்டா திருப்பி வச்சிருக்கே" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். பலகையை நான் தொடவே இல்லை என்றபடி, ஸ்வெட்டர் இல்லாமல் அந்த மனிதர் குளிரில் நின்று திட்டு வாங்கினார். நானும் என் கணவரும் அங்கேதான் நின்றோம்.

மறுநாள் அண்ணன் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் வாட்ச்மேனை நிறுத்திவைத்துவிட்டது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அண்ணன், அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் வேறொரு டாக்டரைக் கூட்டிவந்து அப்பாவுக்கு ஞாபகசக்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வாட்ச்மேன் பொய் சொன்னார் என்றால் அப்பாவின் புத்தி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றால் வாட்ச்மேன் மேல் குற்றமில்லை. என் அண்ணன் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார். அந்த டாக்டர் அப்பாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார், கடிகாரம் படம் வரையச் சொன்னார். ஊரில் பாதிப்பேரைப் பத்திரமாக வீடு சேர்த்த மனிதர் ஐயா அவர். அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். கீழ் வீட்டைக் காலி செய்து, தன் வீட்டில் ஓர் அறையில் வைத்துக்கொள்ளப்போவதாகவும் சொன்னார்.

அப்படியும் நான் வாய் திறக்கவில்லை. அப்பா நல்லபடியாக எழுந்து வரட்டும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நேற்று மாலை வேலைக்குப் போகும் முன் அப்பாவைப் பார்க்கப் போனேன். அம்பு இடது பக்கம் காட்டியது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், நேற்று அதைச் சொல்லவில்லை. "வாட்ச்மேன் வலதுன்னுதாம்மா சொன்னார். ஆள் மறந்து சொல்லலாம், பலகை மறக்குமான்னு நெனச்சேன். நான்தான் தப்பாப் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து பர்ஸை எடுத்து, ஓட்டுநர் உரிமத்தை உருவி, இதை அண்ணனிடம் கொடுத்துவிடு, இனி எனக்கு எதற்கு என்று என் கையில் வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அந்த உரிமம் இதோ என் பையில்தான் இருக்கிறது. அண்ணனிடம் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

இரவு வேலை இடைவேளையில் கணவருக்குப் போன் செய்து, காலையில் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அன்றிலிருந்து ஒரு கேலி வார்த்தை பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதிலிருந்து முகம் துடைத்துவிடுவது வரை எல்லாம் அவர்தான் செய்கிறார். "மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று கேட்டார். "அவர் தன் முகத்துலயே முழிக்க முடியாம கிடக்காரு" என்றேன். காலையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் பைக்கோடு வந்து நின்றார். அவரே முதலில் சொல்வதாகத்தான் இருந்தது. படியேறியதும் நீ முதலில் சொல் என்று ஒதுங்கிக்கொண்டார். இப்போது வெளியே, விசாரணைக்கு வந்த வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிகிறது. இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை வாட்ச்மேன் பக்கத்தில் வைத்திருக்கிறார். அது அப்படியே இருக்கிறது. நான் சொல்லி முடித்ததும் என் கணவரைக் கூப்பிடுங்கள், சொல்வார்.

ஆகவே, பலகை இடது பக்கம் காட்டியது என்று என் அப்பா சொன்னது உண்மை. பலகையைத் தான் தொடவில்லை என்று வாட்ச்மேன் சொன்னதும் உண்மை. பொய்யாக இருந்தது நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். இதற்காக என் கணவர் மேல் என்ன நடவடிக்கையோ, அதை எடுங்கள். என் மேலும் எடுங்கள். வாட்ச்மேனை வேலைக்குத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் 'வழி தவறிய முதியவர்' என்று எழுதியிருந்தார், அதை அடிக்கச் சொன்னேன். வழி தவறவில்லை, பலகை காட்டிய வழியில் சரியாகப் போனார் என்று மாற்றி எழுதினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எனக்குத் தெரிந்த வரையில் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இதில் நிலைய முத்திரை வைத்து ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். நான் வாயால் போய்ச் சொன்னால் என் அப்பா என் சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். எழுதி வைத்திருந்தால்தான் நம்புவார்.

(ஒப்பம்)