செங்கல்பட்டிலிருந்து வந்த கடல்மீன்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற காலை பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திருக்கழுக்குன்றம் போகிற ஒரு பெண்.

"எல்லாம் வித்துட்டியாக்கா?"

"இல்லம்மா. இனிமேதான் மீன் வாங்கணும், செங்கல்பட்டுல."

நான் செல்போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"கடலாண்ட வூட்ட வெச்சிக்கினு செங்கல்பட்டுல மீன் வாங்குவியா?"

"ரோட்ட அகலமா போட்டதுலருந்து அப்டித்தான். படகு கரைக்கு வர்றதுக்குள்ள ஐஸ் லாரி வந்து நிக்குது. மொத்தமா அள்ளிக்கினு போயி செங்கல்பட்டு மார்க்கெட்டுல, பல ஊரு மீனோட சேத்து எறக்குறான். நான் அங்க வாங்கியாந்து எங்க பீச்சுலயே விக்கிறேன்."

"உங்க வூட்டுக்காரு கடலுக்குப் போறதில்லியா?"

"போறாரு. அவரும் லாரிக்குத்தான் போடுறாரு. எங்கூடை எவ்ளோ கொள்ளும், சொல்லு?"

காலிக் கூடைக்கும் சேர்த்துக் கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். மீன்காரம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போன வாரம் வாங்கியாந்த வஞ்சிரம் ஒண்ணுல, வாலாண்ட பச்ச நைலான் நூல் சுத்தியிருந்துச்சு. எங்க வூட்டுக்காரு பாத்துட்டு, இது லாரிக்குப் போடுறப்ப அடையாளத்துக்கு நான் கட்டுனதுன்னாரு. அன்னிக்கி அவரு சோறு துண்ணல."

"அந்த மீன இன்னா பண்ண?"

"வித்தேன். டூரிஸ்ட்டு ஒருத்தன், இங்கயே புடிச்சதான்னு கேட்டான். தெனமும் எவனாவது கேப்பான், நானும் ஆமான்னு சொல்லுவேன். அன்னிக்கி ஒரு நாளுதான் அது பொய்யில்ல."